இரண்டு புள்ளிக்கு மூன்று இடம்

சின்னமனூரில் டிவி பழுது பார்க்கிறவனுக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பிக்சர் டியூப் காலம் முடிந்த பிறகு என் மேசைக்கு வருவது பெரும்பாலும் மிக்ஸி, செட்டாப் பாக்ஸ், இண்டக்ஷன் அடுப்பு. இப்போது கொஞ்ச காலமாக இவற்றோடு கையடக்க கேம் கருவிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆன்பெர்னிக், மியூ மினி, ஆர்36எஸ் என்று பெயர் சொல்வார்கள். கொரியரில் வாங்கியது, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது என்று பலவகை. கொண்டுவருபவர்கள் சின்னப் பையன்கள் அல்ல. முப்பதைத் தாண்டியவர்கள், திராட்சைத் தோட்டம் பார்ப்பவர்கள், போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுபவர்கள். கருவியில் பழுது ஒன்றும் இருக்காது. எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: "அண்ணே, அன்னைக்கு டிவியில ஆடும்போது பளிச்சுனு இருந்துச்சு. இதுல கலங்கலாத் தெரியுது. டிஸ்ப்ளே மாத்தணுமாண்ணே?"

டிஸ்ப்ளேயை மாற்ற வேண்டியதில்லை. செட்டிங்கில் சில இடங்களைத் தொட்டால் போதும். எந்த இடத்தை, ஏன் தொடுகிறோம் என்று தெரிந்துகொள்ள நம் பழைய டிவிப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாம் 'டிவி கேம்' என்று அழைத்த கருவி, ஜப்பானில் நிண்டெண்டோ 1983ல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் வீரபாண்டித் திருவிழாக் கடைகளிலும் கிடைத்தது அதுதான். மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் சொருகி, கான்ட்ராவும் மேரியோவும் டேங்க் கேமும் ஆடிய தலைமுறை ஒன்று எங்கள் பகுதியில் இருக்கிறது. 2006ல் தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும், அதுவரை டிவியே இல்லாத வீடுகளிலும் இது நுழைந்தது. அப்பா வேலைக்குப் போன பிறகு ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் வயரைச் சொருகுவதும், அவர் திரும்புவதற்குள் மாற்றிச் சொருகுவதும் அன்றாட வேலை. பின்னால் இருக்கும் ஆண்டெனா சாக்கெட் ஆடிப்போய் என்னிடம் வந்த டிவிகளுக்கு இதுதான் காரணம். பெற்றோரிடம் நான் சொன்னதில்லை.

அந்தக் கருவி வரைகிற படம் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. அவ்வளவுதான். இன்றைய சாதாரண செல்போன் திரையில் இதைப்போல முப்பது நாற்பது மடங்கு புள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கொஞ்சப் புள்ளிகளுக்குள் துப்பாக்கி தூக்கி ஓடும் ஆளையும் காட்டையும் அருவியையும் வரைந்தவர்கள், படம் டிவியில் எப்படி விழும் என்று பார்த்தே வரைந்தார்கள். டியூப் டிவியில் ஒரு புள்ளி கட்டம்போல் சதுரமாக விழாது. எலக்ட்ரான் கற்றை வரிவரியாகத் துடைத்துக்கொண்டு போகும்போது ஓரம் லேசாகக் கசியும். நம் நாட்டு டிவி ஒளிபரப்பின் 'பால்' (PAL) முறையில் வெளிச்சத் தகவல் போகிற அளவு நுணுக்கமாக நிறத் தகவல் போகாது. அது இன்னும் அகலமாகக் கசியும். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் கலந்து, வரையாத மூன்றாவது நிறம் ஒன்று தோன்றும். செகா கம்பெனியின் சோனிக் விளையாட்டில் அருவிக்குப் பின்னால் பாறை தெரியும். உண்மையில் அங்கே இருப்பது ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் நெட்டுக் கோடுகள். மஞ்சள் பின் வயரில் வரும்போது டிவி அதைக் கலக்கித் தண்ணீராக்கிவிடும். துல்லியமான எல்சிடியில் பார்த்தால் ஜன்னல் கம்பிதான் தெரியும்.

ஆக, பழைய டிவி படத்தைக் கெடுக்கவில்லை, பாதி வேலையைச் செய்தது. புதுத்திரை அந்த வேலையைச் செய்யாது. அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்யும். படத்தைத் தன் அளவுக்கு இழுக்கும்.

இந்த இழுப்பில்தான் கோளாறே. மலிவான கையடக்கக் கருவிகளில் பலவற்றின் திரை 640×480. ஃபேமிகாம் படத்தின் உயரம் 240. இரண்டால் பெருக்கினால் சரியாக 480. ஒரு பழைய புள்ளிக்கு இரண்டு புதுப் புள்ளி, சண்டையே இல்லை. அகலத்தில் 256ஐ 640 ஆக்க வேண்டுமென்றால் இரண்டரை மடங்கு. அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாதே! இரண்டு அண்ணன் தம்பிக்கு மூன்று வயல் இருந்தால் பாகப்பிரிவினையில் என்ன நடக்கும்? ஆளுக்கு ஒன்று போக, நடு வயல் பொது. அதில் அண்ணன் பாதி நெல்லும் தம்பி பாதி வாழையும் போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அல்லாத ஏதோ ஒன்று தெரியும். அந்தப் பொது வயல்தான் நீங்கள் சொல்கிற கலங்கல். ஓரத்துப் புள்ளிகளை இப்படிக் கலந்து நிரப்பும் முறைக்கு பைலீனியர் ஃபில்டர் என்று பெயர். கருவியோடு வருகிற செட்டிங்கில் பெரும்பாலும் அது ஆனில்தான் இருக்கும்.

அதை அணைத்துவிட்டால்? கலங்கல் போய்விடும், இன்னொன்று வரும். ஒரு புள்ளிக்கு இரண்டு இடம், அடுத்ததற்கு மூன்று இடம் என்று மாறி மாறிப் போகும். மேரியோ நின்றால் தெரியாது. நடக்க ஆரம்பித்தால் அவன் மூக்கு ஒரு சமயம் பருக்கும், ஒரு சமயம் மெலியும். செங்கல் சுவர் நகரும்போது அலையடிக்கும். கண் வலிக்கிறது என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

முழுத் தீர்வு, 'இன்டிஜர் ஸ்கேல்'. முழு எண்ணால் மட்டும் பெருக்கு, மிச்ச இடத்தைக் கறுப்பாக விடு என்று கருவிக்கு உத்தரவு போடுவது. ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருள்தான் இந்தக் கருவிகள் பலவற்றுக்குள் ஓடுகிறது. அதில் செட்டிங்ஸ், வீடியோ, ஸ்கேலிங் என்று போனால் இந்தப் பெயரோடு ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டவுடன் படம் 512×480 ஆகி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அங்கேதான் என் வாடிக்கையாளர்கள் முகம் வாடும். "காசு கொடுத்து வாங்குன திரைல பாதியக் கறுப்பா விடுறதாண்ணே?" பாதி இல்லை, ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கறுப்பு நஷ்டமே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. திரையை நிரப்புவதற்காகப் படத்தைக் கெடுப்பவர்கள், டிவியில் பழைய சிவாஜி படத்தை அகலத்துக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்கிப் பார்ப்பவர்கள்தான்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. டிவியில் அந்தப் படம் 4க்கு 3 என்ற வடிவில் விழுந்ததால் புள்ளிகள் உண்மையிலேயே கொஞ்சம் அகன்றுதான் இருந்தன. முழு எண்ணால் பெருக்கிய படத்தில் கான்ட்ரா வீரர் சற்று ஒல்லியாகத் தெரிவார். அது பொறுக்காதவர்களுக்கு 'ஷார்ப் பைலீனியர்' என்றொரு ஷேடர் (படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் சிறு நிரல்) இருக்கிறது. முதலில் முழு எண்ணால் பெருக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஓரத்தில் மெல்லக் கலக்கும். கலங்கலும் குறைவு, வடிவமும் சரி. என் தங்கச்சி மகன் கருவிக்கு இதைத்தான் வைத்துக் கொடுத்தேன். "மாமா, மேரியோ சாப்பிட்டுத் தெம்பாயிட்டான்" என்றான்.

அடுத்து, டிவி மாதிரியே தெரிய வைக்கும் ஷேடர்கள். ரெட்ரோஆர்ச்சில் சிஆர்டி (டியூப் டிவி) என்று தொடங்கும் பெயர்களில் நிறைய இருக்கின்றன. வரிக்கு வரி கறுப்புக் கோடு போட்டு, நிறத்தைக் கசியவிட்டு, கண்ணாடி வளைவைக்கூடக் காட்டும். யூடியூபில் பார்த்துவிட்டு எல்லோரும் அடர்த்தியான கறுப்புக் கோட்டைக் கேட்கிறார்கள். எத்தனையோ டியூப் டிவிகளைத் திறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் வீட்டு 14 அங்குல டிவியில் அந்தக் கோடு அவ்வளவாகத் தெரிந்ததில்லை. சின்ன டியூப், சுமாரான ஃபோகஸ். ஒரு வரியின் வெளிச்சம் அடுத்த வரி வரை வழியும். கோடு எடுப்பாகத் தெரிவது பெரிய, உயர்தர டியூபில்தான். தேனிக்காரன் ஞாபகத்துக்கு நியாயமான ஷேடர், கோடு மெலிந்து கசிவு கூடியது. மேலும் 640×480 திரையில் ஒரு பழைய வரிக்கு இரண்டு வரி இடம்தான். அதில் ஒன்றைக் கறுப்பாக்கினால் படம் இருண்டுவிடும். 1080 வரியோ அதற்கு மேலோ உள்ள திரைக்குத்தான் நல்ல சிஆர்டி ஷேடர்கள் பொருந்தும். சின்னத் திரைக்கும் சிறிய சிப்புக்கும் 'இசட்ஃபாஸ்ட் சிஆர்டி' போன்ற இலகுவான ஒன்று போதும்.

படத்தை வழுவழுப்பாக்கும் ஃபில்டர்கள் வேறு சாதி. 1992ல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் எரிக் ஜான்ஸ்டன் என்பவர் பழைய விளையாட்டுகளை மேக் கணினிக்கு மாற்றும்போது செய்த உத்தியில் இந்த வழி ஆரம்பித்தது. பிறகு ஸ்கேல்2எக்ஸ், ஹெச்க்யூஎக்ஸ், எக்ஸ்பிஆர் என்று வளர்ந்தது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, இது சாய்வுக் கோடாக இருக்கும் என்று ஊகித்துப் படிக்கட்டைச் சரிவாக்கும். கெட்டிக்காரத்தனம்தான். பெரிய உருவங்களில் பரவாயில்லை. பதினாறு புள்ளி அகலமுள்ள ஒரு ஆளில் மூக்கும் மீசையும் ஒன்றாகிவிடும். எனக்குப் பிடிப்பதில்லை.

படத்துக்கு அப்பால் இரண்டு சங்கதி. ஒன்று: ஃபேமிகாமால் ஒரு வரியில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் சிறு உருவம்) மேல் காட்ட முடியாது. கூட்டம் சேர்ந்தால் குண்டுகளும் எதிரிகளும் மின்னி மின்னி மறைவார்கள். குண்டு தெரியாமல் செத்துப்போனதாக நாம் அடித்த சத்தியம் பொய்யல்ல. பழைய கருவியைப்போல் நடிக்கும் இன்றைய எமுலேட்டர் மென்பொருள்களில் 'நோ ஸ்ப்ரைட் லிமிட்' என்ற சுவிட்சைப் போட்டால் அந்த மினுக்கல் போய்விடும். மற்றொன்று: "அன்னைக்கு விட இது வேகமா ஓடுது" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். நம் ஊரில் விற்ற நகல்களில் பல, பால் டிவிக்கு ஏற்றவாறு நொடிக்கு 50 படம் காட்டின. விளையாட்டு எழுதப்பட்டதோ நொடிக்கு 60 படத்துக்கு. ஆகவே நாம் ஆடிய கான்ட்ரா, ஜப்பான் பையன் ஆடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது, பாட்டும் அப்படியே. புதுக்கருவியில் அது அசல் வேகத்தில் வருகிறது. கை தடுமாறுவதற்கு வயது மட்டும் காரணமில்லை.

டிவியில் ஆடாமல் கையிலேயே ஆடிய விளையாட்டுகளுக்குக் கணக்கு வேறு. 1989ல் வந்த கேம்பாயின் திரை 160×144. மூன்றால் பெருக்கினால் 480×432. 640×480க்குள் அழகாக உட்காரும். 2021ல் வந்த அனலாக் பாக்கெட் கருவிக்கு 1600×1440 திரை வைத்ததன் ரகசியமும் இதுவே, அசலைப்போல் சரியாகப் பத்து மடங்கு. 2001ல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் கொஞ்சம் வம்பு பிடித்தது. 240×160, அதை 640க்கு இழுத்தால் இரண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கென்றே ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் என்ற கருவிக்கு 720×480 திரை போட்டார்கள். மூன்று மடங்கு, மிச்சமே இல்லை. நிறத்திலும் ஒரு சூட்சுமம்: கேம்பாய் அட்வான்ஸ் முதலில் வந்தபோது திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது. இருட்டாகத் தெரியும் என்று விளையாட்டு செய்தவர்கள் நிறத்தை வேண்டுமென்றே வெளிறலாகத் தூக்கி வைத்தார்கள். இன்றைய விளக்குப் போட்ட திரையில் அது சாயம் போன சேலைபோல் வரும். 'கலர் கரெக்ஷன்' என்ற சுவிட்ச் அதைப் பழைய நிறத்துக்கு இறக்கிவிடும்.

பெரிய கம்பெனிகளும் இதே கணக்கில் ஜெயித்திருக்கின்றன, தோற்றும் இருக்கின்றன. சோனியின் பிஎஸ்பி 480×272. அடுத்து 2011ல் வந்த வீட்டா 960×544. அப்பட்டமாக இரண்டு மடங்கு. அதனால் பழைய பிஎஸ்பி விளையாட்டுகள் வீட்டாவில் அலுங்காமல் குலுங்காமல் ஓடின. நிண்டெண்டோவின் டிஎஸ் திரை 192 வரி. அடுத்த 3டிஎஸ் 240 வரி. ஒன்றேகால் மடங்கு! நாலு புள்ளிக்கு ஐந்து இடம்; பழைய டிஎஸ் விளையாட்டுகள் எல்லாம் மங்கலாகின. விளையாட்டைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால், இழுக்காமல் அசல் அளவில் சின்னதாகக் காட்டும் வசதியை வைத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் பயன்படுத்தினார்கள்.

அதே கம்பெனி 2025 ஜூன் 5ல் வெளியிட்ட ஸ்விட்ச் 2ல் இந்தக் கதை மறுபடி வந்தது. பழைய ஸ்விட்ச் திரை 720 வரி, புதியது 1080 வரி. ஒன்றரை மடங்கு. அதாவது இரண்டு புள்ளிக்கு மூன்று இடம், நம் அண்ணன் தம்பி வயல். கையில் பிடித்து ஆடும்போது பழைய விளையாட்டுகள் பெரிய திரையில் கொஞ்சம் மழுங்கித் தெரிகின்றன என்று பலர் குறைப்பட்டார்கள். சூப்பர் மேரியோ ஒடிசி போன்ற சிலவற்றுக்குக் கம்பெனியே இலவச அப்டேட் கொடுத்துப் படத்தைக் கூடுதல் புள்ளிகளில் புதிதாக வரைய வைத்தது. 2017ல் வந்த செல்டா விளையாட்டுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு செய்தது. இந்த இரண்டு கருவிகளையும் நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை; இங்கே வருவது வெளிநாட்டிலிருந்து பையில் வருவதும் இறக்குமதிக் கடையில் வருவதும்தான்.

'புதிதாக வரைய வைத்தது' என்றேனே, அதுதான் முப்பரிமாண விளையாட்டுகளின் வசதி. கான்ட்ரா வீரர் புள்ளி புள்ளியாக வரைந்து சேமித்த படம். அவரிடம் இல்லாத நுணுக்கத்தை யாராலும் கொண்டுவர முடியாது. ஆனால் பிஎஸ்பியில் வந்த காட் ஆஃப் வார் நாயகன் படமாகச் சேமிக்கப்படவில்லை. மூலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற கணக்காகத்தான் உள்ளே இருக்கிறான். கணக்கைப் பெரிய தாளில் போட்டால் பெரிய, கூர்மையான உருவம் வரும். கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் செல்போனில் காட் ஆஃப் வாரும் டபிள்யூடபிள்யூஈயும் ஆடும் கல்லூரிப் பையன்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். அவர்கள் பயன்படுத்தும் பிபிஎஸ்எஸ்பிபி என்ற இலவச மென்பொருளை ஹென்ரிக் ரிட்கார்ட் 2012ல் வெளியிட்டார். அதில் 'ரெண்டரிங் ரெசல்யூஷன்' என்ற இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றலாம். உருவத்தின் விளிம்பு கத்திபோல் வரும். ஆனால் உயிர் காட்டும் கோடும் எழுத்தும் சேமித்த படங்கள் என்பதால் மங்கலாகவே நிற்கும். அதை ஃபோன் கோளாறு என்று நினைத்து யாரும் வரவேண்டாம். நான்கு மடங்கு வைத்துவிட்டு ஃபோன் சுடுகிறது என்றும் வரவேண்டாம். நடுத்தரப் போனுக்கு இரண்டு அல்லது மூன்று போதும்.

முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளில் ஒரு தனி வியாதி உண்டு. தரையும் சுவரும் நடுங்கும். அந்த இயந்திரம் மூலைகளை முழுப் புள்ளியில் மட்டுமே வைக்கும். பின்னத்தைத் தூக்கி எறிந்துவிடும். சுவரில் ஒட்டும் படத்துக்கும் தூரம் கிட்டம் பார்க்காது. டியூப் டிவியின் கசிவில் அது ஓரளவு மறைந்தது. படத்தைக் கூர்மையாக்கினால் நடுக்கமும் கூர்மையாகும்! எமுலேட்டர்களில் உள்ள பிஜிஎக்ஸ்பி என்ற வசதி தூக்கி எறிந்த பின்னத்தை எடுத்துவைத்துக்கொண்டு நடுக்கத்தைக் குறைக்கிறது. டெக்கன் 3 ஆடுகிறவர்களைவிட கார் ரேஸ் ஆடுகிறவர்களுக்கு இது அதிகம் உதவும்.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். இந்த மலிவுக் கருவிகளோடு வரும் மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பி விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர்கள் அனுமதி கொடுத்ததில்லை. நாம் அன்று ஊதிச் சொருகிய மஞ்சள் கேசட்டும் அதே ரகம்தான் என்பது வேறு விஷயம். சட்டத்தை விட்டாலும் அந்தக் கார்டுகளின் தரம் மோசம். திடீரென்று செத்து, சேமித்த ஆட்டமெல்லாம் போய்விடும். எந்தக் கருவி வாங்கினாலும் முதல் வேலையாக நல்ல கார்டு ஒன்று வாங்கி மாற்றுங்கள்.

வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் திரை எத்தனை அங்குலம் என்று சொல்வதைக் கேட்டு மயங்காதீர்கள். நெடுக்கே எத்தனை புள்ளி என்று கேளுங்கள். பிறகு எந்தக் காலத்து விளையாட்டு ஆடப் போகிறீர்களோ அதன் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். டிவி கேமுக்கும் முதல் பிளேஸ்டேஷனுக்கும் 240, கேம்பாய்க்கு 144, கேம்பாய் அட்வான்ஸுக்கு 160, பிஎஸ்பிக்கு 272. மீதி இல்லாமல் வந்தால் அந்தக் கருவி உங்களுக்கானது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பைலீனியரை அணைத்து, இன்டிஜர் ஸ்கேலைப் போட்டு, கான்ட்ராவில் ஒரு ஸ்டேஜ் ஆடிப் பாருங்கள். அதற்கப்புறமும் கலங்கலாக இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது டிஸ்ப்ளேயைப் பார்ப்போம்.